யாரும் பார்க்காத நாளிலும் உடை மாற்றுவது எதற்கு?

கேள்வி இதுதான்: தொற்றுநோய்க் காலத்தில் வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறோம், வாசலுக்குக்கூட ஒருவரும் வருவதில்லை, அப்படி இருக்கும்போது காலையில் எழுந்து குளித்து, நல்ல உடை மாற்றி, எல்லாவற்றையும் நேரத்துக்குச் செய்யச் சொல்கிறார்களே, அதில் உண்மையிலேயே பயன் இருக்கிறதா, இல்லை சும்மா சொல்வதுதானா? இருக்கிறது என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

பயன் இருக்கிறது. ஆனால் பலரும் நினைக்கிற காரணத்தால் இல்லை. நான் தூக்கம் கெட்டு வருகிறவர்களுக்கும் மனச்சோர்வோடு வருகிறவர்களுக்கும் ஆலோசனை சொல்லும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று சொன்னதிலிருந்து, 2023 மே 5 அன்று உலகளாவிய அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது வரை, என்னிடம் திரும்பத் திரும்ப வந்த ஒரு வாக்கியம் உண்டு: "இன்னைக்கு என்ன கிழமைன்னே தெரியல." உடை விஷயத்தை நான் அங்கிருந்துதான் பார்க்கிறேன். நல்ல சட்டை போட்டால் தன்னம்பிக்கை வரும் என்பதெல்லாம் அப்புறம். முதலில், நாள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வெளியே போய் வருகிற சாதாரண நாளை யோசித்துப் பாருங்கள். அலாரம், குளியல், உடை, செருப்பு, கதவைப் பூட்டுவது, வழி, வேலை செய்யும் இடத்தின் வாசல், மதிய இடைவேளை, திரும்பி வரும் வழி, கதவைத் திறப்பது, கை கால் கழுவி வீட்டு உடைக்கு மாறுவது. இவற்றில் ஒன்றைக்கூட நாம் யோசித்துச் செய்ததில்லை, ஆனால் ஒவ்வொன்றும் நாளுக்குக் குறுக்கே போட்ட ஒரு வரப்பு. வீட்டிலேயே இருக்க ஆரம்பித்ததும் இவ்வளவும் ஒரே நாளில் காணாமல் போய்விடுகிறது. எழுந்த அதே கட்டிலில், படுத்திருந்த அதே டி-ஷர்ட்டில், லேப்டாப்பை மடியில் வைத்து வேலையைத் தொடங்கி, அதே இடத்தில் சாப்பிட்டு, அதே இடத்தில் படம் பார்த்து, அதே இடத்தில் தூங்குவது. வேலை இரவு வரை நீள்கிறது, இரவு காலை வரை நீள்கிறது, எதுவும் முடிந்தது என்ற உணர்வே வராது. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லித் தங்களையே திட்டிக்கொண்டவர்கள் என்னிடம் நிறைய வந்தார்கள், அது தப்பு. வரப்பு இல்லாத நிலத்தில் தண்ணீர் அப்படித்தான் பரவும்.

வெளியிலிருந்து எந்தக் குறிப்பும் கிடைக்காவிட்டால் மனிதனின் நேரக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் 1962இல் ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள், கடிகாரம் இல்லாமல், வெளிச்சம் வராத ஆழத்தில் இரண்டு மாதம் தனியாக இருந்தார். அவரை வெளியே கொண்டுவந்தது செப்டம்பர் 14. அவர் கணக்குப்படி அன்றைக்கு ஆகஸ்ட் 20. கிட்டத்தட்ட 25 நாள் அவருக்குத் தெரியாமலே கழிந்திருந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அவர் உடம்பு ஏறக்குறைய 24 மணி நேரத்தை ஒட்டித்தான் தூங்கி விழித்துக்கொண்டிருந்தது, மனசு போட்ட கணக்குதான் பின்தங்கிப் போனது.

அந்த உடம்புக் கடிகாரம் மூளைக்குள், பார்வை நரம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம். அதன் சுற்று பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், சராசரியாகப் பத்து நிமிடம் போல. அதனால் தினமும் அதைத் திருத்தி வைக்க வேண்டியிருக்கிறது. திருத்துவது முக்கியமாக வெளிச்சம், அதிலும் காலை வெளிச்சம். சாப்பாட்டு நேரம், உடல் அசைவு, மற்றவர்களைச் சந்திப்பது ஆகியவையும் ஓரளவு உதவும். வீட்டுக்குள் அடைந்திருக்கும்போது இவை எல்லாமே ஒன்றாகக் குறைந்துவிடுகின்றன என்பதுதான் சிக்கல். நன்றாக விளக்கு எரிகிற அறையில் நமக்குக் கிடைப்பது சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம். மேகமூட்டமான நாளில் வெளியே நின்றால்கூட அது ஆயிரக்கணக்கில் இருக்கும், நேர் வெயிலில் லட்சத்தைத் தொடும். கண்ணுக்கு அறை பளிச்சென்று தெரிவதால் நாம் ஏமாந்துபோகிறோம், கடிகாரத்துக்கு அது இன்னும் விடியாத நேரம்.

மாஸ்கோவில் 2010 ஜூனிலிருந்து 2011 நவம்பர் வரை ஆறு பேரை 520 நாள் ஒரு மூடிய கலத்துக்குள் வைத்து, செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்வருவதுபோல ஒரு சோதனை நடத்தினார்கள். அதில் இருந்தவர்கள் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள். அப்படியும் நாள் ஆக ஆக அவர்களின் உடல் அசைவு குறைந்துகொண்டே வந்தது, சிலருக்குத் தூக்கமும் கலைந்தது. நமக்கு அப்படி நடந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் இதைச் சொல்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வீட்டிலிருந்த காலத்தில் சிலர் முன்பைவிட நன்றாகத் தூங்கினார்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக மாணவர்களிடம் 2020இல் செய்த ஆய்வில் அவர்கள் கூடுதல் நேரம் தூங்கியதும், வார நாளுக்கும் விடுமுறைக்கும் இடையே தூக்க நேர வித்தியாசம் குறைந்ததும் தெரிந்தது. தூங்கப் போகும் நேரம் மட்டும் பின்னால் தள்ளிப்போயிருந்தது. ஆகவே ஐந்து மணிக்கு எழுந்தே ஆக வேண்டும் என்று யாரையும் நான் விரட்டுவதில்லை. பயணம் மிச்சமான அந்த ஒரு மணி நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுப்பது நல்ல காரியம்தான். எழும் நேரம் எதுவானாலும் தினமும் ஒன்றாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

சரி, உடைக்கு வருவோம். 2012இல் ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே வெள்ளைக் கோட்டைச் சிலரிடம் மருத்துவர் கோட்டு என்றும் சிலரிடம் ஓவியர் கோட்டு என்றும் சொல்லிப் போட்டுக்கொள்ள வைத்தார்கள், மருத்துவர் கோட்டு என்று நம்பிப் போட்டவர்கள் கவனச் சோதனையில் நன்றாகச் செய்தார்கள் என்பது அதன் சாரம். உடை பற்றி யார் எழுதினாலும் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் 2019இல் வேறொரு குழு அந்தக் கட்டுரையின் இன்னொரு சோதனையைக் கூடுதல் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அதில் முன்பு கிடைத்த விளைவு கிடைக்கவில்லை. எனவே கோட்டு போட்டால் மூளை கூர்மையாகிவிடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். என் பிடி வேறு இடத்தில் இருக்கிறது: உடை மாற்றுவது உங்கள் கையிலேயே இருக்கும் ஒரு வரப்பு. கதவு, வழி, அலுவலகம் எல்லாம் போய்விட்டன, இது மட்டும் போகவில்லை. எந்த உடை என்பது இரண்டாம்பட்சம், மாற்றுகிற அந்தச் செயல்தான் விஷயம்.

என் பெரியப்பா கதையைச் சொன்னால் விளங்கும். எழுபத்து நான்கு வயது, தனியாக இருந்தார். ஊரடங்கின் முதல் வாரங்களில் வீடியோவில் கூப்பிட்டால் எப்போதும்போல முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பட்டன் போட்டு, அதற்கு மேல் கைக்கடிகாரம், ஜன்னலோர நாற்காலி. கொஞ்ச நாளில் ஃபோன் சரிந்து மின்விசிறி மட்டும் தெரிய ஆரம்பித்தது. அப்புறம் வீடியோவே வேண்டாம், சும்மா பேசலாம் என்றார். ஒரு நாள் நான் வற்புறுத்தி முகத்தைக் காட்டச் சொன்னபோது, மதியம் இரண்டு மணிக்கு, கழுத்து தளர்ந்த பனியனில் கட்டிலில் சாய்ந்திருந்தார், நாலைந்து நாள் தாடி. "ஏன் பெரியப்பா, உடம்பு சரியில்லையா?" என்றேன். "உடம்புக்கு ஒண்ணுமில்லப்பா. யாரு வரப்போறாங்க, எதுக்கு மாத்தணும்?" என்றார். அந்த "யாரு வரப்போறாங்க" எனக்குச் சட்டையைப் பற்றிய பேச்சாகக் கேட்கவில்லை.

அவருக்கு நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தினமும் காலை எட்டரைக்கு நானே கூப்பிட ஆரம்பித்தேன், வீடியோவில், ஐந்தே நிமிடம். "பெரியப்பா, இன்னைக்கு செய்தியில முக்கியமா என்ன இருந்துச்சுன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க" என்று ஒரு வேலையும் கொடுத்தேன். முதல் மூன்று நாள் பனியன்தான். நாலாம் நாள் சட்டை, பட்டன் போடாமல். ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் மணிக்கட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டே பேசினார், விரல்கள் கொஞ்சம் நடுங்கி, இரண்டு தடவை நழுவி, மூன்றாம் தடவை மாட்டியது. அன்றைக்கு மதியம் அவராகவே சமைத்தார் என்று பிறகு தெரிந்தது. யாராவது பார்க்கப்போகிறார்கள் என்பதும் எட்டரைக்கு முன்னால் எழ வேண்டும் என்பதும் சேர்ந்துதான் அவரை எழுப்பின. வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர் உங்களுக்கும் இருந்தால், இந்தப் பதிலில் மற்ற எதையும் விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள்.

இதற்குப் பின்னால் தெளிந்த மருத்துவ அறிவும் இருக்கிறது. மனச்சோர்வுக்கான சிகிச்சையில் 1970களிலிருந்தே பீட்டர் லெவின்சன் போன்றவர்கள் வளர்த்தெடுத்த ஒரு முறை உண்டு. மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னச் செயலை முதலில் செய்ய வைத்து, மனசைப் பின்னால் வரவிடுவது. அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்காக எல்லன் ஃபிராங்க் உருவாக்கிய சிகிச்சையோ இன்னும் நேரடியானது: எழுவது, முதல் ஆளோடு பேசுவது, வேலையைத் தொடங்குவது, சாப்பிடுவது, படுப்பது, இந்த நேரங்களைக் குறித்துவைத்து அவற்றை நிலையாக்குவது அதன் பெரிய பகுதி. நோய் இல்லாதவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

அப்போ எங்கிருந்து ஆரம்பிப்பது? எழும் நேரத்திலிருந்து. படுக்கும் நேரத்தைப் பிடிக்கப் பார்க்காதீர்கள், அது கைக்குள் நிற்காது, தூக்கம் வந்தால்தான் வரும். எழும் நேரம் உங்கள் கையில் இருக்கிறது, அதை ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துப் பிடித்தால் படுக்கும் நேரம் கொஞ்ச நாளில் தானாக வந்து சேரும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஜன்னலோரமோ, மாடியோ, பால்கனியோ, எங்கே வானம் தெரிகிறதோ அங்கே கால் மணி நேரமாவது இருங்கள். அப்புறம் குளியல், அப்புறம் உடை. நாளைக்கு என்ன போடுவது என்று முந்தின இரவே எடுத்து நாற்காலி முதுகில் போட்டு வைப்பது சின்ன விஷயம்தான், ஆனால் காலையில் மனசு சுணங்கும்போது முடிவெடுக்க வேண்டியது ஒன்று குறைகிறது, பெரும்பாலானவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

எந்த உடை? தூங்கும்போது போடாத எதுவும். இதுதான் நான் சொல்லும் ஒரே விதி. கழுத்தை இறுக்கும் காலர், வயிற்றை அழுத்தும் இடுப்பு இதெல்லாம் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்குத் தேவையே இல்லை. பருத்தியில் தளர்வான ஒன்று போதும், துவைத்ததாக இருக்கட்டும், இரவு உடையிலிருந்து வேறாக இருக்கட்டும். வீடியோ மீட்டிங்கில் இடுப்புக்கு மேலே மட்டும் நன்றாக உடுத்துவது 2020இல் உலகம் முழுக்கப் பரவியது, மேல் சட்டைகள் விற்றன, பேண்ட்கள் விற்கவில்லை என்று பெரிய கடைகளே சொன்னார்கள். அது மீட்டிங்குக்குப் போதும், உங்களுக்குப் போதாது. கேமராவுக்கு முன்னால் இருக்கும்வரைதான் வேலை, அதை அணைத்ததும் மறுபடி படுக்கை என்று ஆகிவிடுகிறது. எலாஸ்டிக் இடுப்பு உள்ள உடைகளையே மாதக்கணக்கில் போட்டால் எடை கூடுவதும் கண்ணில் படாது, வாரத்துக்கு ஒரு தடவை பட்டன் உள்ள பேண்டைப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் நடக்கவென்றே தனியாக ஒரு சுத்தமான செருப்போ ஷூவோ வைத்துக்கொள்வது சிலருக்கு உடையைவிட நன்றாக வேலை செய்கிறது, அதைக் கழற்றினால் வேலை முடிந்தது என்று கால் சொல்லிவிடும்.

காலையில் மாற்றுவதைவிட மாலையில் மாற்றுவது முக்கியம் என்று நான் நினைக்கிறேன், இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. வேலை முடிந்ததும் லேப்டாப்பை மூடி, கண்ணில் படாத இடத்தில் வைத்து, முகம் கழுவி, வேறு உடைக்கு மாறுங்கள். வேலை உடையிலேயே இரவு வரை இருந்தால் ஒன்பது மணிக்கு வரும் மெயிலுக்கும் பதில் போடத் தோன்றும். முன்பு வழியில் செலவான நேரத்தில் பத்து நிமிடத்தையாவது இதற்கு ஒதுக்கலாம், நடக்க அனுமதி இருந்தால் காலையில் கட்டிடத்தைச் சுற்றி ஒரு நடை போய் வந்து வேலையில் உட்காருவது, மாலையில் இன்னொரு நடை போய் வீட்டுக்கு "வருவது". முதல் நாள் செயற்கையாக இருக்கும், ஒரு வாரத்தில் உடம்பு எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும்.

கட்டில் தூங்க மட்டும். ரிச்சர்ட் பூட்சின் 1972இல் தூக்கமின்மைக்கு முன்வைத்த முறையின் மையமே இதுதான், இன்றைக்கும் முதலில் கொடுக்கும் சிகிச்சைகளில் இது ஒரு பகுதி. கட்டிலில் வேலை, கட்டிலில் செய்தி, கட்டிலில் கவலை என்று ஆனால் மூளைக்குக் கட்டில் என்பது விழித்திருக்கும் இடமாகப் பதிந்துவிடும். ஒரே அறையில் பலர் இருக்கிற வீட்டில் கட்டிலைத் தவிர உட்கார இடமே இல்லை என்றால், பகலில் விரிப்பை மாற்றிப் போட்டு, தலையணையைத் தூக்கி வைத்துவிட்டு, தலை வைக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உட்காருங்கள். முழுத் தீர்வு இல்லை, ஆனாலும் உதவுகிறது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில், ஆன்லைன் வகுப்புக்கு முன்னால் உடை மாற்ற வைப்பது சண்டையாகத்தான் தொடங்கும். சீருடை வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் இரண்டு உடையை எடுத்து வைத்து எது என்று கேளுங்கள். பெரியவர்கள் மாற்றினால்தான் அவர்கள் மாற்றுவார்கள்.

ஒழுங்கு மட்டும் இருந்தால் நாட்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல ஆகிவிடும், கிழமை தெரியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் வாரத்தில் ஒரு நாளாவது வேறு மாதிரி இருக்க வேண்டும், அங்கேதான் அலங்காரத்துக்கு இடம். 2020இல் ஆஸ்திரேலியாவில் மக்கள் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் கொண்டு வைக்கிற அந்த ஒரு நிமிடத்துக்காகக் கவுனும் கோட்டும் வேஷமும் போட்டுப் படம் எடுத்துப் பகிர்ந்தார்கள், அது பல நாடுகளுக்குப் பரவியது. அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம் வீட்டில் கிடைக்கும் துணியையும் பாத்திரத்தையும் வைத்துப் பழைய ஓவியங்களைப்போல உடுத்திக் காட்டச் சொன்னபோது ஆயிரக்கணக்கானவர்கள் போர்வையும் துண்டும் சுற்றிக்கொண்டு நின்றார்கள். அந்தப் படங்களை நான் இப்போதும் எடுத்துப் பார்ப்பதுண்டு. அடுத்த வாரம் என்ன வேஷம் என்று யோசிக்கத் தொடங்கியவருக்கு அடுத்த வாரம் என்று ஒன்று இருக்கிறது. அடைந்திருப்பவர்களுக்கு முதலில் மங்கிப்போவது அந்த அடுத்த வாரம்தான். உங்களிடம் அலமாரியில் விசேஷத்துக்கு என்று மடித்து வைத்த உடை இருக்கும், சனிக்கிழமை சாப்பாட்டுக்கு அதைப் போடுங்கள்.

துக்கத்திலும் உடைக்கு வேலை இருக்கிறது. நெருங்கிய நண்பர் ஒருவரின் இறுதிச் சடங்கை நான் ஃபோனில்தான் பார்த்தேன், அந்த வருடம் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் ஆனது. இணைப்பு வந்தபோது வீட்டு டி-ஷர்ட்டில் சோபாவில் இருந்தேன். இரண்டு நிமிடம் பார்த்ததும் என்னால் அப்படி உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய் வெள்ளைச் சட்டை மாற்றி, தலை வாரி, ஃபோனை மேஜைமேல் நிமிர்த்தி வைத்து, முடியும்வரை நின்றேன். என் கேமரா அணைந்துதான் இருந்தது. பிறகு பல மாதம் அந்த நாளை நினைக்கும்போது அங்கே போயிருந்ததுபோலவே நினைவு வருகிறது, நின்ற கால் வலியோடு.

இதெல்லாம் யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலில் படுத்திருப்பவர் படுத்தே இருக்கட்டும், நோயிலிருந்து தேறி வருகிறவர் களைத்தால் பகலில் உறங்கட்டும், அவர்களுக்கு இந்த வரப்பெல்லாம் இப்போது வேண்டாம். கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கும் இரவுப் பணிக்குப் போய்வருகிறவருக்கும் கடிகாரம் வேறு. உடை மாற்றக்கூட முடியவில்லை, குளிக்க முடியவில்லை, இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் ஆர்வம் இல்லை என்றால் அது பழக்கத்தால் சரியாகும் கட்டத்தைத் தாண்டியிருக்கலாம், மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ ஃபோனிலாவது பேசுங்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே பேசுங்கள், இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அந்த நிலையில் இருப்பவரிடம் "எழுந்து குளிச்சுட்டு வா, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்பார்கள். 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்கிற கணக்குக்கு ஆதாரம் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் இருந்தவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு புதுச் செயல் யோசிக்காமலே வரும் அளவுக்குப் பழக, நடுத்தரமாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. அதே ஆய்வில் இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்கும் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு இல்லை. ஆக ஒரு நாள் முழுக்க இரவு உடையிலேயே போய்விட்டால் போகட்டும், அன்று இரவு படுக்கும் முன் நாற்காலி முதுகில் மறுநாளைக்கான சட்டையை எடுத்துப் போட்டுவிடுங்கள்.